மதியச் சாப்பாடு உட்பட

பூபதிராஜாவுக்குத் தன்னுடைய முப்பதாவது கல்யாண நாள் வருகிறது என்பதே தெரியாது. மகள் போன் பண்ணிச் சொன்னபோதுதான் தெரிந்தது. அதுகூடப் பெரிய விஷயமில்லை. மகள் போன் பண்ணியதுதான் விஷயம். நாலு மாதமாக ஜீவிதா அம்மாவிடம் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு, அப்பாவிடம் கொடு என்று கேட்டு வாங்கி, உங்கள் இரண்டு பேருக்கும் ஒருநாள் டூர் போட்டிருக்கிறேன், பாலக்காட்டிலிருந்து வேன் வரும், கோபாலபுரம் செக்போஸ்ட்டில் ஏறிக்கொள்ளலாம், காலை டிபன், மதியச் சாப்பாடு உட்பட எல்லாம் அதிலேயே சேர்த்தி, மறுக்காமல் மூணாறு போய்விட்டு வாருங்கள் என்றாள். மகள் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் அவர் சரி என்று சொல்லிவிட்டார். மூணாறு என்ற பெயர் காதில் விழுந்து மண்டைக்குள் ஏறுவதற்கு முன்னாலேயே வாய் முந்திக்கொண்டது.

போனை வைத்த பிறகுதான் ஏறியது. ஏறியதும் அவருக்குத் தூக்கம் போயிற்று.

நாலு மாதத்துக்கு முன்னால், காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஜீவிதா வீட்டுக்கு வந்து, கூட வேலை பார்க்கிற வினோ என்ற பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னாள். பையன் வீடு மூணாறுப் பக்கம். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற குடும்பம், கிறிஸ்தவ வேதக்காரர்கள். பூபதிராஜாவுக்கு எருத்தேம்பதிக்குப் பக்கத்தில் எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு, ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கிற மரியாதை, ஒரே மகள். அவர் கத்தவில்லை, தட்டைத் தூக்கி எறியவில்லை. "அந்த ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்று ஒரே வரி சொன்னார். அவள் பையனின் படத்தைக் காட்டப் போனை நீட்டினாள், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையனின் அம்மா பெயர், எஸ்டேட் பெயர் எல்லாம் சொன்னாள், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் போடக் கிளம்பிவிட்டார். ஜீவிதாவும் பிடிவாதத்தில் அவருக்குப் பிறந்தவள்தான். உங்களை மீறிக் கட்டிக்கொள்ள மாட்டேன், வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். அவளுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது.

கை நனைக்கிற விஷயம் வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் விளங்கும். அவர்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், முடிவாகிறவரைக்கும் யாரும் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுக் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பத்திரம் எழுதினால்கூட மாற்றலாம், அதை மாற்ற முடியாது. ஜீவிதாவுக்குத் தாராபுரம் பக்கம் ஒரு இடம் பார்க்கப் போனபோது, அந்த வீட்டுக்காரர்கள் ஜிலேபியும் முறுக்கும் மலை மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்தும் ஒருத்தர் கை வைக்கவில்லை. திரும்பும் வழியில் காங்கயத்தில் இறங்கிப் பரோட்டா சாப்பிட்டார்கள். பூபதிராஜாவின் பெரியப்பா மகன் ஒருத்தர், வெயில் தாங்காமல் ஒரே ஒரு பழத்தை உரித்து வாயில் போட்ட பாவத்துக்குப் பெண்ணைக் கொடுத்தே ஆகவேண்டி வந்தது. அந்தப் பெண் நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனாலும் பழத்தைப் பார்த்தால் அவருக்கு இன்றும் ஒரு மாதிரி ஆகிவிடும்.

ஆகையால், மதியச் சாப்பாடு உட்பட என்று மகள் அழுத்திச் சொன்னது பூபதிராஜாவின் மண்டையைக் குடைந்தது. எங்கே சாப்பாடு? யார் போடுகிற சாப்பாடு?

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை செக்போஸ்ட்டில் நின்றபோது சந்தேகம் இன்னும் தடித்தது. ராமாத்தாள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். காலடியில் கனமான ஒரு கட்டைப்பை. டூருக்கு எதற்குப் பட்டு என்று கேட்டார். கல்யாண நாளாச்சே என்றாள். பையில் என்ன என்று கேட்டார். வழிக்குத் தின்ன என்றாள். முப்பது வருடம் கூட இருந்தவளின் முகத்தில் எதுவும் தெரியவில்லை, அதுவே அவருக்கு ஒரு சாட்சியாகப் பட்டது.

வேன் வந்தது. ஏற்கெனவே எட்டு பேர் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டியாக வந்த பெண் கையில் மைக்கோடு இறங்கி வந்து, இரண்டு பேரையும் கைபிடித்து ஏற்றாத குறையாக ஏற்றினாள். பெயர் டின்சி என்றாள், மூணாறுதான் சொந்த ஊர் என்றாள். ஜீவிதா சேச்சி கூப்பிட்டுச் சொன்னார்கள் அங்கிள், உங்களுக்கு சுகர் இருக்கிறதாமே, நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்கச் சொன்னார்கள் என்றாள். பூபதிராஜா மனைவியைப் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்தாள்.

டிரைவர் வாட்டசாட்டமான பையன். அங்கிள், ஏசி போதுமா என்று கண்ணாடி வழியாகக் கேட்டான். இவ்வளவு பணிவு ஒரு டிரைவருக்கு எதற்கு? ஒருவேளை இவன்தானோ? கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னது பொய்யாக இருக்குமோ? உடுமலை தாண்டுகிறவரைக்கும் அவன் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற விதத்தில் நிதானம் இருந்தது, அதையும் மனதுக்குள் குறித்துக்கொண்டார். அப்புறம் டின்சி அவனை ஜோமோன் என்று கூப்பிட்டாள். நிம்மதியாக மூச்சு விட்டார், கூடவே தன்மேல் எரிச்சலாகவும் வந்தது.

கேரளாவில் ஏறி, தமிழ்நாட்டுக்குள் இரண்டு மணி நேரம் ஓடி, சின்னாறில் மறுபடி கேரளாவுக்குள் நுழைந்தார்கள். டின்சி மைக்கில் பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் யானை, சந்தன மரம், காமராஜர் காலம், வெள்ளைக்காரன் காலம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பூபதிராஜாவுக்கு ஒன்றும் ஏறவில்லை. மறையூரில் ஓட்டலில் புட்டும் கடலையும் கொடுத்தார்கள். ஓட்டல்காரர் சிரித்து வரவேற்றார். சந்தேகம் வந்து ஒரு நிமிடம் நின்றவர், கல்லாப்பெட்டியையும் விலைப்பட்டியலையும் பார்த்த பிறகு உட்கார்ந்தார். விலை போட்டு விற்கிற இடத்தில் தின்பது கை நனைத்ததாகாது. இதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

குழப்பம் மேலே ஏறிய பிறகுதான் வந்தது. அணையைக் காட்டினார்கள், தேயிலைத் தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள், மூடுபனியில் நிற்கவைத்து அங்கேதான் பள்ளத்தாக்கு இருக்கிறது என்று வெள்ளையாக ஒன்றைக் காட்டினார்கள். மற்றவர்கள் போட்டோ எடுத்தார்கள். பூபதிராஜா, எதிரே வருகிற ஒவ்வொரு ஆளின் முகத்தையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். யார் சிரித்தாலும் சம்பந்தி மாதிரி தெரிந்தது. அன்றைக்குப் போனில் காட்டிய படத்தை ஒரு தடவை பார்த்துத் தொலைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. இப்போது மனைவியிடம் கேட்கவும் மானம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு மணி ஆனபோது டின்சி மைக்கை எடுத்தாள். லஞ்ச் ஓட்டலில் இல்லை, ஒரு வீட்டில். எஸ்டேட் குடும்பம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

பூபதிராஜா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். சரிதான், எல்லாம் திட்டம்தான். மகள் வலை விரித்து, மனைவி பட்டுக் கட்டி, தன்னைச் சர்க்கரை மாத்திரை போடவைத்துப் பசியோடு கூட்டிக்கொண்டு வந்து, இலையின் முன்னால் உட்கார வைக்கப் போகிறார்கள். ராமாத்தாளின் பக்கம் குனிந்து, நான் சாப்பிட மாட்டேன் என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. "உங்க இஷ்டமுங்க" என்றாள். அதுவும் இன்னொரு சாட்சி.

வீடு தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருந்தது. நீலச் சுவர், தகரக் கூரை, கழுவிவிட்ட படிகள். வீட்டுக்காரர் செபாஸ்டின் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று டின்சி சொன்னாள். அவருடைய மனைவி அமலோற்பவம் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் வாங்க வாங்க என்றாள். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினார்கள். பூபதிராஜா வாசலோடு நின்று, பக்கத்தில் குச்சியில் ஏற்றியிருந்த பீன்ஸ் கொடியைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தார். வாசல் வழியாக உள்சுவர் தெரிந்தது. இயேசு படம், அதன் கீழே சின்ன பல்பு, அதற்குப் பக்கத்தில் கோட்டு போட்ட ஒரு இளைஞனின் படம்.

இவன்தான். சந்தேகமே இல்லை. திருட்டுத்தனமாக இன்னொரு தரம் எட்டிப் பார்த்தார். காது கொஞ்சம் விடைத்திருந்தது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்வையில் கள்ளம் இல்லை. குழாயில் தண்ணீர் விடாமல் வந்துகொண்டிருந்தது, தண்ணிக் கஷ்டம் கிடையாது என்று பட்டது. கூரைத் தகரம் புதுசு. படி ஈரமாக இருக்கிறது, மழைக்காலத்தில் வழுக்கும், ஒரு கைப்பிடி வைக்கச் சொல்ல வேண்டும். யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

ராமாத்தாளும் உள்ளே போகவில்லை. நீங்கள் சாப்பிடாமல் நான் மட்டும் எப்படி என்று கட்டைப்பையோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளிருந்து ரசத்தின் வாசனையும் மீன் பொரிகிற வாசனையும் மாறி மாறி வந்தன. பூபதிராஜாவின் கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. பசிக்கு மேலே போய்விட்ட நடுக்கம். அவர் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசுகிற மாதிரி தனக்குள்ளேயே வாதம் பண்ணிப் பார்த்தார். டூர்க்காரனுக்குப் பணம் கட்டியாயிற்று, ஆகவே இது ஓட்டல் கணக்கு. ஆனால் பணம் கட்டியது மகள். மகள் கட்டினால் அது யார் கட்டியதாக ஆகும்? பெண் வீட்டார் பணத்தில் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டால் நனைகிறது யார் கை? கேஸ் எந்தப் பக்கமும் நிற்கவில்லை.

அமலோற்பவம் கரண்டியோடு வெளியே வந்தாள். "வாங்க அண்ணாச்சி, சோறு ஆறுது" என்றாள். பசியில்லை என்றார். மதினியாவது வரட்டும் என்றாள். அவளுக்கும் பசியில்லை என்றார். அமலோற்பவம் கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். போகிறபோது அவள் முகம் விழுந்ததைப் பார்த்தார், அவருக்கே சங்கடமாக இருந்தது.

டின்சி வந்தாள். மைக் இல்லாமல், மெதுவாகப் பேசினாள். "அங்கிள், ஒண்ணு கேக்கட்டா? எங்க ஆளுங்க வீட்டுல சாப்பிட மாட்டீங்களா?"

பூபதிராஜாவுக்குச் சுரீரென்றது. அதில்லை அம்மிணி என்று சொல்ல வாயெடுத்தார், வார்த்தை பாதியில் நின்றது. அதில்லை என்று முழுசாகச் சொல்ல முடியுமா? நாலு மாதத்துக்கு முன்னால் துண்டை உதறியது எதற்கு? பையனின் குணத்தையா விசாரித்தார்? எஸ்டேட், கொழுந்து, வேதம் என்ற மூன்று சொல்லைக் கேட்டதும் காதை மூடிக்கொண்டவர்தானே? காலையிலிருந்து தன்னைக் கைபிடித்து ஏற்றி இறக்கிய பெண் முன்னால் நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று பட்டது.

அவர் நேராக வாசலுக்குப் போய் அமலோற்பவத்தைக் கூப்பிட்டார். "தப்பா நெனைக்காதீங்க. வினோங்கிறது உங்க பையனுங்களா?"

அவள் திகைத்தாள். எங்கள் பையன் பெயர் ரிஞ்சு என்றாள். சுவரில் இருக்கிற படத்தைக் காட்டி, இவன்தான், கத்தாரில் இருக்கிறான், போன வருடமே கல்யாணம் ஆகிவிட்டது என்றாள். வினோ என்று யாரும் இந்த வீட்டில் இல்லை. ஜீவிதா யாரென்றே அவளுக்குத் தெரியாது. மாதத்தில் எட்டு நாள் டூர்க்காரர்களுக்குச் சமைக்கிறோம், அவ்வளவுதான் அண்ணாச்சி என்றாள்.

அப்படியானால் வலையும் இல்லை, திட்டமும் இல்லை. பெற்றவர்கள் ஒருநாள் குளிர்ந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று மகள் நினைத்திருக்கிறாள், அவ்வளவுதான். பூபதிராஜா இனிமேல் தாராளமாக உட்கார்ந்து சாப்பிடலாம். இது எந்தச் சட்டப்படியும் வெறும் சாப்பாடு.

ஆனால் அவர் நின்ற இடத்திலேயே நின்றார். நிம்மதி வரும் என்று பார்த்தார், வரவில்லை. வந்தது ஏமாற்றம். கையில் கிடைத்ததை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இந்தக் குழாயையும் இந்தக் கூரையையும் இந்த அம்மாளின் குரலையும் அரை மணி நேரமாக அவர் எதற்காக எடைபோட்டுக்கொண்டிருந்தார்? படிக்குக் கைப்பிடி எதற்கு? தன்னைச் சிக்கவைக்க மகள் கண்ணி வைத்திருக்கிறாள் என்று காலையிலிருந்து கோபப்பட்டுக்கொண்டே, அந்தக் கண்ணியில் எப்போது கால் வைப்போம் என்று காத்துக்கொண்டா இருந்தார்? அவருக்கே தன்னைப் புரியவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒருவனுக்குத் தன் மனது என்ன சொல்கிறது என்று தெரியாமல் போகுமா என்று ஆத்திரமாகக்கூட வந்தது.

திரும்பி மனைவியைப் பார்த்தார். ராமாத்தாள் படியில் உட்கார்ந்தபடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு என்ன ஆச்சு?"

"நானும் இதுதான் அந்த ஊடுன்னு நெனச்சனுங்க" என்றாள். "அதுக்குத்தான் இந்தச் சீலை."

கட்டைப்பையைத் திறந்து காட்டினாள். மேலே முறுக்கு. அதன் கீழே தோப்புத் தேங்காய் ஐந்து, ஒரு சீப்பு நேந்திரம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு. முறை தவறாமல் எடுத்து வைத்திருந்தாள். ஜீவிதா உன்னிடம் ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, தானாகத்தான் அப்படி நினைத்துக்கொண்டேன் என்றாள். ஆக, ஒரே சந்தேகத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு செக்போஸ்ட்டிலிருந்து சுமந்து வந்திருக்கிறார்கள்.

பூபதிராஜா பையை மூடி அவள் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். பிறகு, அந்தப் பையனின் வீடு எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். ராமாத்தாள் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். அம்மா பெயர் இன்பமேரி, எஸ்டேட் இதே எஸ்டேட், அதில் மேல் டிவிஷன். மகள் சொன்னதை இவள் காதில் வாங்கியிருக்கிறாள்.

அமலோற்பவத்துக்கு மேல் டிவிஷன் தெரிந்திருந்தது. ஜீப்பில் போனால் கால் மணி என்றாள். மற்றவர்கள் மூன்றேகால் வரைக்கும் தோட்டத்தில்தான் சுற்றுவார்கள், அதற்குள் வந்துவிட்டால் போதும் என்று டின்சி சொன்னாள். விஷயம் என்னவென்று அவளுக்கு இப்போது ஓரளவு பிடிபட்டிருந்தது, முகத்தில் வருத்தம் போய்விட்டது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் அங்கிள், சுகர் இருக்கிறதே என்றாள். பூபதிராஜா அமலோற்பவத்தைப் பார்த்துக் கும்பிட்டார். உங்கள் சாப்பாட்டை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, இன்றைக்கு மட்டும் மன்னிக்க வேண்டும் என்றார். ஏன் வேண்டாம் என்கிறார் என்பது அவருக்கே முழுசாகத் தெரியவில்லை. அவள் புரிந்துகொண்டவள்போல், அடுத்த தடவை வந்து சாப்பிடுங்கள் என்று சிரித்தாள். செபாஸ்டின் சாவியை எடுத்துக்கொண்டு ஜீப்பைக் கிளப்பினார்.

பாதை முழுக்கக் கல். ஜீப் குதித்த குதியில் ராமாத்தாள் பட்டுச் சேலையை ஒரு கையாலும் பையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டாள். பூபதிராஜா, போய் என்ன பேசுவது என்று யோசித்தார். ஜாதகம் கேட்க முடியாது. எந்த முறைப்படி கல்யாணம், கோயிலா சர்ச்சா, ஊரில் என்ன சொல்வது, பங்காளிகள் பந்தலுக்கு வருவார்களா, பிறக்கிற பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பார்கள், ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒரு கேள்வியை எடுத்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நாலு வந்தன. சும்மா பார்த்துவிட்டு வருவோம், டூர் வந்த இடத்தில் எட்டிப் பார்த்தோம் என்று சொன்னால் போயிற்று என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடலாம். அது முறைதானே.

மேல் டிவிஷனில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் ஒரே வரிசையாக, ஒரே மாதிரி இருந்தன. செபாஸ்டின் விசாரித்து மூன்றாவது கதவைக் காட்டிவிட்டு, ஜீப்பிலேயே இருக்கிறேன் என்று நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டார். கதவு திறந்திருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சர்ச்சுக்குக் கட்டிப் போன சேலையை மாற்றாமல், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடியில் அடையாளம் தெரிந்துகொண்டாள். ஜீவிதாவின் அம்மா அப்பாவின் படத்தைப் போனில் எத்தனை தடவை பார்த்திருந்தாளோ. முறம் கையிலிருந்து நழுவி, அரிசி கொஞ்சம் தரையில் சிதறியது.

வாங்க என்று சொல்ல அவளுக்கு இரண்டு தடவை முயற்சி தேவைப்பட்டது. உள்ளே கூட்டிப்போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சின்ன அறை, சுத்தமான அறை, சுவரில் இறந்துபோன கணவரின் படம். அவள் உட்காரவில்லை, கதவோரம் நின்றாள். பயணம் எப்படி என்று கேட்டாள். பரவாயில்லை என்றார். குளிர் தாங்குகிறதா என்று கேட்டாள். தாங்குகிறது என்றாள் ராமாத்தாள். 

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, விருந்தாளி வந்ததைப் பார்த்து, தட்டில் மூன்று கிளாஸ் பால் இல்லாத கட்டஞ்சாயாவோடு வாசலுக்கு வந்தாள். இன்பமேரி வேகமாகப் போய் அவளை வாசலிலேயே மறித்து, காதில் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். பூபதிராஜா அதைப் பார்த்தார். அவர் மனதில் முள் தைத்தது. வந்தவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட நீட்டவில்லை, இன்னொருத்தி கொண்டுவந்ததையும் தடுக்கிறாள். என்ன மாதிரி மனுஷி இவள்? குடிக்க மாட்டோம் என்பது நம் முறை, கொடுப்பது அவள் முறையில்லையா? கீழே அந்த வீட்டில் சோறு ஆறுகிறது என்று கெஞ்சினார்கள். வந்தது தப்போ என்று நினைத்தார். நெற்றியில் வியர்த்தது, அறை லேசாகச் சாய்ந்த மாதிரி இருந்தது.

இன்பமேரி அதைக் கவனித்துவிட்டாள். என்ன செய்கிறது என்று பதறினாள். சர்க்கரைங்க, மத்தியானம் ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள் ராமாத்தாள்.

அதைக் கேட்டதும் இன்பமேரி அடுக்களைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். திரும்பி வந்தாள். மறுபடி அந்தப் பக்கம் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"எங்க வீட்டுக்கு வந்தவுக யாரும் பட்டினியாப் போனதில்ல அண்ணாச்சி" என்றாள். "ஆனா ஜீவிதா சொல்லிருக்கா. நீங்க முடிவு சொல்லாம எங்க வீட்டுல தண்ணிகூடக் குடிக்க மாட்டீகளாம். நான் நீட்டி, நீங்க மறுக்க முடியாம வாங்கிட்டீகன்னா, உங்களை மடக்குன மாதிரி ஆயிரும்ல. அதான் எடுத்து வைக்கல. பெத்தவுக மனசு ஒப்பித்தான் அந்தப் பிள்ள இங்க வரணும்."

பூபதிராஜா அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய முறையை, அவர் ஒரு சுவர் மாதிரி எழுப்பி வைத்திருந்த அதே முறையை, இவள் இந்த மலைமேல் உட்கார்ந்துகொண்டு அவருக்காகக் காத்து வந்திருக்கிறாள். தன் வீட்டு வழக்கத்தை விழுங்கிக்கொண்டு காத்திருக்கிறாள். அவருடைய பங்காளிகளில்கூட இவ்வளவு கவனமாக அவர் மரியாதையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று அவரால் சொல்ல முடியவில்லை. சர்ச்சா கோயிலா என்பது இன்னும் தெரியவில்லை. ஊருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பையனை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. குழப்பம் எல்லாம் அப்படியே இருந்தது, அதற்கு நடுவில் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது.

"பசிக்குதுங்க" என்றார். "சோறு இருந்தாப் போடுங்க."

 ராமாத்தாள் கையிலிருந்த பையை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

இன்பமேரி நகரவில்லை. "தெரிஞ்சிதான் கேக்குறீகளா அண்ணாச்சி?" என்றாள்.  "மயக்கத்துல சொல்றீகளோன்னு பயமா இருக்கு. நான் வேணா பக்கத்து அக்கா வீட்டுல வாங்கித் தாரேன். அது கணக்குல வராதுல்ல?"

"தெரிஞ்சுதானுங்க கேக்கறேன். உங்க ஊட்டுச் சோறு போடுங்க."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அடுக்களைக்குள் போனாள், பாத்திரம் ஒன்று கீழே விழுகிற சத்தம் கேட்டது. ராமாத்தாள் பட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள். உள்ளே இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது, யாரோ மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு தட்டு வந்தது. காலையில் வடித்த சோறு, சுண்டவைத்த மீன் குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், வேறொன்றும் இல்லை. ஒன்றுமே பண்ணவில்லையே, ஒரு கோழி அடித்திருப்பேனே என்று இன்பமேரி தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூபதிராஜா வாசற்படி ஓரமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை கழுவ வலது கையை வாசலுக்கு வெளியே நீட்டினார். இன்பமேரி செம்போடு குனிந்தாள். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது, அவர் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. முதல் தண்ணீர் கையில் விழாமல் அவருடைய வேட்டியில் விழுந்தது. அவள் ஐயோ என்று செம்பை நிமிர்த்தினாள்.

"பரவால்லீங்க, ஊத்துங்க" என்று அவர் கையை இன்னும் கொஞ்சம் அருகே கொண்டுபோனார்.